கண்புரை அறுவைக்குப் பின்: மோனோவிஷனா, இரு கண்ணுக்கும் தூரப் பார்வையா?

இரண்டு கண்ணிலும் தூரப் பார்வை லென்ஸ் வைத்தால் சாலை, டிவி எல்லாம் கண்ணாடியில்லாமலே தெளிவு. படிக்கக் கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான்.

மோனோவிஷன் வேறு மாதிரி. ஆதிக்கக் கண்ணுக்கு, அதாவது மூளை அதிகம் நம்பும் கண்ணுக்கு, தூரப் பார்வை. மற்றதைப் பெரும்பாலும் மைனஸ் 1 முதல் 2 டயாப்டர் (பவரின் அளவு) வரை கிட்டப் பார்வைக்கு வைப்பார்கள். எந்தக் கண்ணின் படம் தெளிவோ அதை எடுத்துக்கொள்ள மூளை மெல்லப் பழகும். போன் அடித்ததும் கண்ணாடியைத் தேடாமல் பெயரைப் படிக்கலாம்; அது பெரிய விடுதலை. மாத்திரை அட்டையின் பொடி எழுத்துக்கு அப்போதும் கண்ணாடி தேவைப்படலாம். ஆழம் கணிப்பதும் சற்றுக் குறையும். ஊசியில் நூல் கோர்க்கும்போது தெரிந்துவிடும்.

இரவில் நிறைய வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் முதல் வழியையே சொல்வேன். மோனோவிஷன்தான் வேண்டுமென்றால், புரை முற்றுவதற்குள் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் பழகிப் பாருங்கள்.