விறாந்தையில் விரித்த பாய்: சீனி வருத்தத்தோடும் பிறசரோடும் நாலு வருட யோகாசனம்

என் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் 2021 ஜனவரிக் கணக்கு இருக்கிறது: பிறசர் 160/100, எச்.பி.ஏ.1சி (கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) 9.1. அப்போது எனக்கு 52 வயது. அந்த மாதமே யோகாசன வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது 132/82, 7.0. குளிசை, சாப்பாடு, ஆசனம் மூன்றும் சேர்ந்து வந்த பலன் இது. ஆசனத்தால் மட்டும் சீனி வருத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

வகுப்பின் முதற் கிழமையே எல்லோரையும் சர்வாங்காசனத்தில், அதாவது தோளில் ஊன்றிக் காலை மேலே தூக்கி, நிறுத்தினார்கள். யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. கீழே இறங்கியதும் பிடரி விண் விண் என்று இடித்தது. அன்று பின்னேரம் வரை தலை நிமிர்த்த முடியவில்லை. கிளினிக்கில் சொன்னபோது டொக்டர், "அம்மா, இந்தப் பிறசரோட தலைகீழா நிக்கக் கூடாது. மூச்சை அடக்கிறதும் வேண்டாம்" என்றார். வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதியையும் அன்றோடு விட்டேன்.

அப்புறம் வேறொரு ஆசிரியையிடம் பழகியதைத்தான் இன்றும் வீட்டு விறாந்தையில் செய்கிறேன். தாடாசனம், புஜங்காசனம், இருந்தபடி உடம்பைத் திருப்பும் அர்த்த மச்சேந்திராசனம், கடைசியில் சவாசனம். முழங்கால் நோகும் நாளில் வச்சிராசனத்தை விட்டுவிடுவேன். எல்லாம் அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு பத்து நிமிடம் நாடிசுத்தி, அதாவது மூக்குத் துளைகளை மாறி மாறி அடைத்து மூச்சு விடுவது; மூச்சை அடக்காமல், இழுப்பதைவிட விடுவதை நீட்டி. பிறசருக்கு எனக்கு அதிகம் உதவியது இந்தப் பத்து நிமிடம்தான். மெதுவாக மூச்சு விடும்போது நரம்புகள் அடங்கி, இதயத்துடிப்பும் தணிகிறது. மூன்றாம் மாதமளவில் இரவு நித்திரை முறியாமல் வந்தது.

2022இல் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளிக்லசைட் குளிசையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் ஆசனம் செய்து, முற்றமும் கூட்டினேன். விளக்குமாறு கையில் நடுங்கியது. சட்டை நனைய வேர்த்து, நெஞ்சு படபடத்தது. இவர் விரலில் குத்திப் பார்த்தார்: சீனி 58தான், குறைவு. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார். கால் மணித்தியாலத்தில் மறுபடி பார்த்தபோது 91; அதன் பிறகுதான் இடியப்பம் சாப்பிட்டேன். தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோசை எடுத்துக்கொள்கின்றன. அந்தக் குளிசையும் சீனியை இறக்கும். இரண்டும் வெறும் வயிற்றில் சேர்ந்ததுதான் பிழை. டொக்டரிடம் கேட்டு, குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு மாற்றிக்கொண்டேன். சீனிப் பக்கெட் ஒன்று இப்போதும் பாயின் தலைமாட்டில் இருக்கும்.

சீனிக்கு ஆசனத்தைவிடச் சாப்பாட்டுக் கோப்பைதான் பெரிய விஷயம். சிவப்பரிசி இடியப்பம் என்று மனம் ஆறி எட்டுச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். நான் மூன்றோடு நிறுத்தி, கீரையையும் பருப்பையும் கூட்டினேன். பிறசருக்கு உப்பு. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் அது கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் ஒளிந்திருக்கிறது. மோர்மிளகாயை விடுவதுதான் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பாய் சுருட்டியபடியே கிடக்கும். அந்த மாதக் கணக்கில் அது தெரியும். பிறகு மறுபடி தொடங்குவேன், முதல் மூன்று நாள் இடுப்பு நோகும்.

பிறசரை வீட்டில் பார்ப்பவர்கள் ஆசனம் முடிந்த கையோடு பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் நிலத்தில் பட, பேசாமல் இருந்துவிட்டுப் பாருங்கள். தேத்தண்ணி குடித்திருந்தால் அரை மணித்தியாலம் பொறுங்கள். நான் அப்படி எழுதிக் கொண்டுபோன கணக்கைப் பார்த்துத்தான் டொக்டர் பிறசர்க் குளிசையான அம்லோடிபினைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைத்தார். சீனிக்கான மெட்போமின் குளிசை அப்படியேதான் இருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவுமில்லை.