லைசென்ஸ் எண்ணைச் சரிபார்த்தோம், பெயரைப் பார்க்கவில்லை

வீட்டை மாற்றிக் கட்டவோ மாடி எடுக்கவோ காண்ட்ராக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாங்களும் அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தோம். பத்து மாதம் ஓடிவிட்டது. மாடி பாத்ரூமை உடைத்து இரண்டாவது முறை கட்டி இப்போதுதான் முடித்திருக்கிறோம்.

மாடியில் ஒரு அறை, அதையொட்டி ஒரு பாத்ரூம், கீழே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து ஒன்றாக்குவது. இவ்வளவுதான் வேலை. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு பேர் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் ஒரே தாளில், "தரமான பொருள்களுடன் முழு வேலையும்" என்று ஒரு வரி எழுதி மொத்தத் தொகையைப் போட்டிருந்தார். மூன்றிலும் அதுதான் குறைவு. என்ன டைல்ஸ், எந்தக் குழாய், வாட்டர்ப்ரூஃபிங் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) எத்தனை கோட், இடித்த குப்பையை யார் அள்ளுவது, ஒன்றும் அதில் கிடையாது. ஒன்றும் எழுதாததால்தான் தொகை குறைவாக இருந்தது என்று எங்களுக்குப் புரிந்தபோது, ஒவ்வொன்றுக்கும் "இது எக்ஸ்ட்ரா அக்கா" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

மனிதர் பேச்சில் அத்தனை பணிவு. லைசென்ஸ் கேட்டதும் தயங்கவே இல்லை, பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். அன்று இரவே நானும் என் கணவரும் லைசென்ஸ் தரும் துறையின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். நடப்பில் இருக்கிறது என்று வந்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்கான பொது காண்ட்ராக்டர் வகை. காலாவதிக்கு இன்னும் நாள் இருந்தது. நிம்மதியாகப் படுத்தோம்.

அதே பக்கத்தில் கீழே, இந்த லைசென்ஸுக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பெயர் இருந்தது. எங்களோடு பேசியவர் பெயர் அது இல்லை. நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு, கம்பெனியில் கூட்டாளியாக இருப்பார் போல என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இந்தத் தொழிலில் லைசென்ஸை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுதி, அனுபவம் காட்டி ஒருவர் லைசென்ஸ் வாங்கியிருப்பார். அவர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். எண்ணைப் போட்டால் எல்லாம் சுத்தமாக வரும். ஆனால் லைசென்ஸ்காரர் உங்கள் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். எங்கள் ஒப்பந்தம் எங்களோடு பேசியவருடைய சொந்தப் பெயரில் இருந்தது. பணம் போனதும் அவருடைய சொந்தக் கணக்குக்கு. லைசென்ஸ் எண் மட்டும் ஒப்பந்தத்தின் தலைப்பில் அச்சாகியிருந்தது.

அட்வான்ஸாக மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தோம். மீதியை மாதா மாதம் தேதி வைத்துக் கொடுப்பதாக எழுதியிருந்தார். வேலை எந்த அளவில் நின்றாலும் தேதி வந்தால் பணம். சென்ட்ரிங் முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று வேலையோடு பணத்தைக் கட்டியிருக்க வேண்டும். கடைசியில் 5 முதல் 10 சதவீதத்தைக் கையில் பிடித்து வைத்து, குறைகளைச் சரிசெய்த பிறகு கொடுப்பது வழக்கமாக உள்ளதுதான். அதைக் கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே விலகியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பர்மிட், அதாவது கட்டட அனுமதி விஷயம் இன்னும் மோசம். "உங்க பேர்லயே அப்ளை பண்ணிடுங்க அக்கா, வீட்டுக்காரங்க பேர்னா சீக்கிரம் கிடைச்சிடும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. காண்ட்ராக்டர் லைசென்ஸ் முறை உள்ள பல இடங்களில், வீட்டுக்காரர் தன் பெயரில் பர்மிட் எடுத்தால், கட்டுகிறவரே அவர்தான் என்று ஆகிவிடும். விதிப்படி கட்டாவிட்டால் நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும். வேலையாள் அடிபட்டால் பொறுப்பும் அவர் தலையில் விழ வாய்ப்பு உண்டு. சொந்த லைசென்ஸ் உள்ளவர் தன் பெயரிலேயே எடுத்துவிட்டுப் போவார். அவரால் முடியாததால்தான் எங்களை எடுக்கச் சொன்னார்.

சுவரை இடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாளே ஆய்வுக்கு வந்த அதிகாரி வேலையை நிறுத்தச் சொன்னார். அது மாடியின் பாரத்தைத் தாங்கும் சுவர். இன்ஜினியர் கணக்குப் போட்ட வரைபடம் இல்லாமல், கீழே முட்டுக் கொடுக்காமல் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வாரம் வேலை நின்றது. அந்த ஐந்து வாரத்திலும் தேதி வந்தது, பணமும் போனது. வேலை மறுபடி தொடங்கிய பிறகு டைல்ஸ் வெட்டிய பையன் ஒருவன் கையைக் கிழித்துக்கொண்டான். காண்ட்ராக்டர் முன்பு காட்டிய இன்ஷூரன்ஸ் தாளில் இருந்த எண்ணுக்கு போன் செய்தால், அந்தப் பாலிசி முடிந்து பல மாதம் ஆகிவிட்டது என்றார்கள். பையனின் மருத்துவச் செலவை நாங்கள்தான் பார்த்தோம். அது வேறு விஷயம், அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை.

பாத்ரூம் கதையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்களே நின்று பார்க்கலாம். பாத்ரூமைப் பயன்படுத்தத் தொடங்கிய ஆறாவது வாரம், கீழே ஹால் சீலிங்கில் டீ சிந்தியது போல ஒரு பழுப்பு வளையம். அடுத்த வாரம் உள்ளங்கை அளவு ஆனது. பிறகு பெயிண்ட் உப்பி, விரல் வைத்தால் மாவு மாவாக உதிர்ந்தது. காண்ட்ராக்டர் போன் எடுக்கவில்லை. எடுத்த ஒரு நாள், "புதுக் கட்டடம்னா ஓதம் இருக்கத்தான் செய்யும், காய்ஞ்சிடும்" என்றார்.

வேறு ஒரு கொத்தனாரை அழைத்துவந்தோம். அவர் முதலில் ஒரு நாணயத்தால் டைல்ஸ்களைத் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் உள்ளே காலியாக இருப்பதுபோல ஒலித்தது. நான்கு டைல்ஸைப் பெயர்த்தார். பின்பக்கம் முழுதும் பசை பரவாமல் ஐந்து இடத்தில் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கியிருந்தார்கள். அந்த உருண்டைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கி நாற்றம் அடித்தது. அடியில் வாட்டர்ப்ரூஃபிங் பூசியிருந்தது உண்மை, தரையில் மட்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் வந்து அப்படியே நின்றுவிட்டது. அது சுவரில் குறைந்தது 150 மில்லிமீட்டராவது ஏற வேண்டும், ஷவர் உள்ள பக்கம் அதைவிட நல்ல உயரத்துக்குப் போக வேண்டும், மூலையில் துணிப்பட்டி வைத்துப் பூச வேண்டும் என்றார் அவர். தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி ஒன்றுமே பூசவில்லை. வாட்டம் இன்னொரு கோளாறு. ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் ஓட்டையை நோக்கிச் சரிய வேண்டிய தரை, கதவுப் பக்கம் சரிந்திருந்தது. ரசமட்டத்தை வைத்துக் காட்டினார், குமிழி ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஓட்டையை அடைத்து, தரை முழுதும் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்குகிறதா, கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. எங்கள் வீட்டில் காலையில் வாட்டர்ப்ரூஃபிங் பூசி, மதியம் டைல்ஸ் ஒட்டினார்கள். நான் அங்கேதான் நின்றேன், டீ கொடுத்தேன். அந்தப் பூச்சுக்குக் காய வேண்டிய நேரம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் டைல்ஸ் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். காண்ட்ராக்டர் அவருக்குப் பணமே கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்துவிட்டோம் என்றால், ரசீது எங்கே என்கிறார். சில நாடுகளில் பொருள் கொடுத்தவருக்குப் பாக்கி நின்றால் அவர் வீட்டின் மீதே உரிமை கோரிப் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்காரர் முழுப் பணமும் கட்டியிருந்தாலும் அந்தப் பதிவு வரலாம். அதனால் ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், பொருள் கொடுத்தவர்களிடம் "பாக்கி இல்லை" என்று எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கடைசியில் துறையில் புகார் கொடுத்தோம். லைசென்ஸ்காரர் எழுதிக் கொடுத்த பதில் மூன்று வரி. இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, நான் இவர்களோடு ஒப்பந்தம் போடவில்லை, பணமும் வாங்கவில்லை. சட்டப்படி அவர் சொன்னது பொய் இல்லை, எங்கள் ஒப்பந்தத்தில் அவர் பெயர் எங்கும் கிடையாது. பணம் வாங்கியவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அவரிடம் ரத்து செய்ய லைசென்ஸே இல்லை. இருவருக்கும் நடுவில் நாங்கள் நிற்கிறோம். லைசென்ஸை இரவல் கொடுத்ததற்காக லைசென்ஸ்காரர் மேல் தனி விசாரணை நடக்கிறது. எங்கள் பணத்துக்கு வழக்குப் போட்டிருக்கிறோம்.

இரண்டாவது முறை வந்தவரிடம் நான் முதலில் கேட்டது நான்கு தாள். லைசென்ஸ், ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு விவரம். நான்கையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நானே போன் செய்தேன். அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். "பாருங்கம்மா, நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு, கடைசியாக அவர் முடித்த இரண்டு வீடுகளின் சாவியை வாங்கித் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். இரண்டு வீட்டிலும் பாத்ரூமுக்கு நேர் கீழே இருந்த சீலிங்கைத்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தோம்.

பர்மிட் அவர் பெயரிலேயே எடுத்தார். பூச்சு காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் இரண்டு முறை எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன்.