கூப்பிடு தூரத்துக்கு ஹட்டன் வழியாகவா? பழைய கணினிகள் இரண்டை இணைக்கும் மூன்று வழிகள்

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், மேட்டிலுள்ள அலுவலகக் கணினியில் செக்ரோலும் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) கீழே தொழிற்சாலைக் கணினியில் கொழுந்து நிறைக் கணக்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வலையமைப்பு அட்டை இல்லாத விண்டோஸ் 98 காலத்துக் கணினிகள். நிறைக் கணக்கு நேரத்துக்கு மேலே போய்ச் சேராவிட்டால், மேலதிகக் கிலோவுக்கான கொடுப்பனவு கொழுந்து பறித்தவரின் சம்பளத்தில் விடுபட்டுப் போகும். ஆகவே எந்த வழி விரைவானது என்பதைவிட எந்த வழி அறுந்து போகாதது என்பதே முதற்கேள்வி.

பலரும் முதலில் நினைப்பது தொலைபேசி வழியையே. இரு பக்கமும் மோடத்தை (கணினித் தரவை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் கருவி) இணைத்து, விண்டோஸுடன் வரும் தொடர்பு நிரலான ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, ஒரு பக்கத்தில் ஏடிடிடி (ATDT) என்ற கட்டளையுடன் எண்ணையும், மணி அடித்ததும் மறுபக்கத்தில் ஏடிஏ (ATA) என்றும் தட்டினால் இணைப்புக் கிடைத்துவிடும். மோடத்தின் மேல் 56 (நொடிக்கு 56,000 பிட்) என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு முனை தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்துடன் டிஜிட்டல் முறையில் இணைந்திருந்தால் மட்டுமே அந்த வேகம் கிட்டும் என்பதால், சாதாரண மோடம்கள் இரண்டுக்கிடையே உச்சம் நொடிக்கு 33,600 பிட் மட்டுமே. கூப்பிடு தூரத்திலுள்ள தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டிய ஒலி ஹட்டனிலுள்ள பரிவர்த்தனை நிலையம் வரை போய்த் திரும்புவதால், இரு மடங்கு கம்பியின் இரைச்சலையும் அழைப்புக் கட்டணத்தையும் நாம் சுமக்கிறோம். மழைக்காலத்தில் கம்பி மூட்டுகளில் ஈரம் இறங்கினால், வேகத்தை 14,400-இல் நிறுத்திவிடுவதே நல்லது. ஒரு பிளாப்பி வட்டு அளவு (1.44 எம்பி) கோப்புக்கு ஆறு நிமிடத்துக்குப் பதிலாகப் பதினான்கு நிமிடம் ஆகலாம், ஆனால் இணைப்பு நிலைத்து நிற்கும். கம்பியில்லாத் தொலைபேசியில் இதை முயல வேண்டாம். பேச்சைச் சுருக்கும் முறை மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும்.

எனது தெரிவு இரண்டாவது வழி: அதே மோடம்களைப் பரிவர்த்தனை நிலையமே இல்லாமல், தோட்டத்துக்குள் இழுத்த ஒரு சோடி தொலைபேசிக் கம்பியால் நேரடியாக இணைப்பது. இங்கே டயல் ஒலியும் மணியும் இல்லாததால், ஒரு பக்கம் ஏடிஎக்ஸ்1டி (ATX1D) என்றும், உடனேயே மறுபக்கம் ஏடிஏ என்றும் தட்ட வேண்டும். கம்பியில் மின்னோட்டம் இல்லாமல் இணங்காத மோடம்களும் உண்டு. அப்போது 9 வோல்ட் பேட்டரியொன்றைக் கம்பியில் தொடராகச் சேர்த்துப் பார்க்கலாம். கோப்பை இசட்மோடம் முறையில் அனுப்பினால், இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரு கணினிகளும் ஒரே அறையில் இருந்தால் மோடமே தேவையில்லை. சீரியல் போர்ட்டுகளை நல்-மோடம் கேபிளால் (அனுப்பும், பெறும் கம்பிகள் குறுக்காக மாற்றப்பட்ட கேபிள்) இணைத்து நொடிக்கு 115,200 பிட் வேகத்தில் அனுப்பினால் அதே கோப்பு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் போய்விடும். ஆனால் 15 மீட்டருக்கு மேல் அந்தக் கேபிளை நம்ப முடியாது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி தொடங்குமுன், வெளியே கம்பி ஓடும் முதலிரு வழிகளிலும் இரண்டு முனைகளையும் மோடத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்சாரத்தை மட்டும் நிறுத்துவது போதாது, ஏனெனில் மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரும்.