ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகினால்: அணைத்துப் போடலாமா, வெந்நீர் விடலாமா?

காய்கறி டிரேயைத் தூக்கினால் அடியில் தண்ணீர். துடைத்து வைத்தால் நான்கே நாளில் திரும்பவும் தண்ணீர். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால் அதன் தரையிலும் கண்ணாடித் தகடு போல ஐஸ் படிந்து கிடக்கிறது. எங்கள் வீட்டு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் இந்த இரண்டும் சேர்ந்தே வந்தன, காரணமும் ஒன்றுதான்.

ஃப்ரீசரின் பின்பக்கத் தட்டுக்கு உள்ளே காயில், அதாவது குளிரூட்டும் குழாய்ச் சுருள், இருக்கிறது. அதில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடும். உருகிய தண்ணீர் கீழே இருக்கும் துளை வழியாகக் குழாயில் இறங்கி, கம்ப்ரசர் பக்கத்தில் உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். துளை உறைந்து அடைபட்டால் தண்ணீர் வேறு எங்கே போகும்? ஃப்ரீசர் தரையில் பரவி உறையும், மிச்சம் கீழே காய்கறி டிரே பக்கம் ஒழுகும்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டேன். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை, எதுவும் உடையாது. உள்ளே இருக்கும் சாமான்களை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. ஐஸ் எல்லாம் கரைந்தது, ஃப்ரிட்ஜ் புதுசு மாதிரி ஓடியது. மூன்றாவது வாரம் டிரேக்கு அடியில் மறுபடியும் தண்ணீர்.

இரண்டாவது முறை வெந்நீருக்கு மாறினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி மெதுவாக முன்னால் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஃபேன் ஒயர் அறுந்துவிடும், எனக்கே நூலிழையில் தப்பியது. காயிலுக்கு அடியில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒன்று, நடுவில் துளை, அதை ஐஸ் மூடியிருந்தது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து (கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் தாங்காது) கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதலில் விட்டதெல்லாம் அப்படியே தேங்கியது, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்ப விட்டேன். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு திடீரென்று ‘களக்’ என்று ஒரு சத்தம், தேங்கியிருந்த தண்ணீர் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மொத்தம் முக்கால் மணி நேரம்.

நேரம் மிச்சம் என்பதற்காக மட்டும் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. மறுபடி வருமா என்பதுதான் கேள்வி. அணைத்துப் போட்டால் ஐஸ் கரையும், அழுக்கு கரையாது. குழாயின் கீழ் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வாய் பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும். எங்களுடையதில் அதன் உதடுகள் கறுப்பாக, வழவழவென்று ஒட்டிப்போயிருந்தன. அது திறக்காவிட்டால் தண்ணீர் குழாயிலேயே நிற்கும், மேலே ஏறும், ஃப்ரீசர் குளிரில் உறையும். அந்த ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் எத்தனை முறை ஐஸைக் கரைத்தாலும் வீண்தான். வெந்நீர் விட்டால் தண்ணீர் கம்ப்ரசர் பக்கத்துத் தட்டுக்கு வந்து சேர்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம், அப்படிப் பார்க்கப் போய்த்தான் இந்த ரப்பரே என் கண்ணில் பட்டது.

கூடவே ஒரு தடிமனான செம்புக் கம்பியை ஹீட்டரின் உலோகக் குழாயில் சுற்றி, மறுமுனையைத் துளைக்குள் இறக்கிவிட்டேன். ஹீட்டர் சுடும்போதெல்லாம் துளைக்கும் சூடு போகும். கண்ணாடிக் குழாய் ஹீட்டராக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். இப்போது ஏழு மாதமாக ஒழுகவில்லை. அது கம்பியாலா, ரப்பரைக் கழுவியதாலா என்று கேட்டால், இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கென்னவோ ரப்பர் மேல்தான் சந்தேகம்.

கத்தியால் குத்தி ஐஸைப் பெயர்ப்பது கூடவே கூடாது, காயிலில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். ஹேர் டிரையரும் தண்ணீரும் ஒரே இடத்தில் வேண்டாம்.

தட்டைக் கழற்றியதும் துளை மட்டுமில்லாமல் காயில் முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருந்தால் கதை வேறு. ஹீட்டரோ தெர்மோஸ்டாட்டோ வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், அங்கே நான் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவேன். டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜ் (ஃப்ரீசர் பனியை நாமே உருக்க வேண்டிய வகை) வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. துளை கீழ் அறையின் பின்சுவரிலேயே கண்ணுக்குத் தெரியும், அடைப்பும் பெரும்பாலும் ஐஸ் இல்லை, குப்பைதான். வளையக்கூடிய மெல்லிய குழாய் ஒன்றை விட்டு எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் முடிந்தது.