நேரோ கேஜ் சரக்கு வேகன்: ரெடிமேடா, கிட்டா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரோ கேஜ், அதாவது வழக்கத்தைவிடக் குறுகிய பாதையில் ஓடும் ரயில்களின் மாடலில் இறங்குகிறவர்கள் முதல் மூன்று நான்கு சரக்கு வேகன்களை ரெடிமேடாகவே வாங்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறதெல்லாம் முடிந்தவரை கிட்டாக, அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டுவதாக, இருக்கட்டும். எது அழகு, எது மலிவு என்பதெல்லாம் அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று அனுபவித்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஆரம்பித்தபோது மூன்று கிட் வேகன்கள் கட்டினேன், பாதையும் என் கையாலேயே பதித்தது, ஒரு பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) உட்பட. ஓடவிட்டால் அந்தப் பாயின்டில் ஏதாவது ஒரு வேகன் தடம்புரளும். பாதையில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் அரம் வைத்து ராவிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நண்பர் ஒருவர் தன்னுடைய ரெடிமேட் வேகன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், இவ்வளவு ராவியும் அதில் வழுக்கிக்கொண்டு போனது. குற்றம் என் வேகன்களில்தான். இரண்டு போகிகளையும் (வேகனின் அடியில் முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) இறுக்கி முடுக்கியிருந்தேன், அதனால் பாதை கொஞ்சம் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. ஒரு போகி இடம் வலமாகத் திரும்ப மட்டும் விட்டு, மற்றதை எல்லாப் பக்கமும் ஆடும்படி தளர்த்தியதும் சரியாகிவிட்டது. ஆனால் நான் ராவித் தள்ளிய பாயின்ட் நாளாக நாளாக ஆட்டம் கண்டது, பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. வேகனும் நாம் செய்தது, பாதையும் நாம் செய்தது என்றால் எதைச் சந்தேகிப்பது? ரெடிமேட் வேகன் ஒரு அளவுகோல் மாதிரி, அதை வைத்துப் பாதையைச் சோதிக்கலாம்.

ரெடிமேடில் என்ன கிடைக்கும் என்பது நீங்கள் எடுக்கும் ஸ்கேலை, அதாவது நிஜத்தை எவ்வளவு சுருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எச்.ஓ.என்.3 என்றால் 1:87 ஸ்கேலில் 10.5 மி.மீ. அகலப் பாதை, அதாவது நிஜத்தில் 3 அடி. அமெரிக்க மாடல்களில் இதில் வரும் பெரும்பாலானவை கொலராடோ பக்கத்து ரயில்களைச் சுற்றியே இருக்கும், குறிப்பாக டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன். அதன் 3000 வரிசை மூடிய வேகன், 1904-இல் கட்டிய 30 அடி மர வேகன், எத்தனையோ லேஅவுட்டில் (மாடல் ரயில் அமைப்பில்) பார்த்திருப்பீர்கள். ஓ.என்.30 இன்னொரு கதை. 1:48 ஸ்கேல் வேகன், சாதாரண அகல ரயில்களின் 1:87 மாடலான எச்.ஓ.வின் அதே 16.5 மி.மீ. பாதையில் ஓடும், தண்டவாளமும் இன்ஜின் அடிப்பகுதியும் ஏற்கனவே சந்தையில் இருந்ததால் 1998-இல் பாக்மன் நிறுவனம் இதில் இறங்கியதிலிருந்து ரெடிமேட் வேகன்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கணக்குப் போட்டால் 16.5 மி.மீ. என்பது நிஜத்தில் 792 மி.மீ. ஆகிறது, 30 அங்குலம் என்பது 762, அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 3 அடிப் பாதையில் ஓடிய வேகனை இதில் நிறுத்தினால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும், எனக்கு அது உறுத்துகிறது. பிரிட்டன் பக்கம் ஓ.ஓ.9 எடுத்தால் 1:76 ஸ்கேல், 9 மி.மீ. பாதை. பீக்கோ ரெடிமேடாகத் தருகிறது, டண்டாஸ் மாதிரியான பெயர்கள் கிட்டுக்குத் தெரிந்தவை, இரண்டு பக்கமும் நல்ல தேர்வு உண்டு.

ரெடிமேடின் பலம் மூன்று இடத்தில் இருக்கிறது: சக்கரம், எடை, எழுத்து. எடையைத்தான் கிட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி எச்.ஓ.என்.3 வேகனுக்கு அடிப்படை முக்கால் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.375 அவுன்ஸ். 30 அடி வேகன் இந்த ஸ்கேலில் சுமார் 105 மி.மீ. வரும், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 65 கிராம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிட்டை அப்படியே ஒட்டினால் இதில் பாதிகூட வராது. மூடிய வேகனில் கூரையை ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே எடையை வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. தட்டையான வேகனில் எங்கே ஒளிப்பது? அடியில் சட்டங்களுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகட்டை வெட்டி ஒட்ட வேண்டும் (ஈயத்தைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்), அப்போதும் போதாது, மேலே மரக்கட்டையோ இயந்திரமோ ஏற்றித்தான் சரிக்கட்ட முடியும். ரெடிமேட் தட்டை வேகன்களில் பலவற்றுக்கு அடிச்சட்டமே உலோக வார்ப்பு, அதனால் காலியாக ஓட்டினாலும் தண்டவாளத்தில் அமர்ந்து ஓடும்.

எழுத்து விஷயத்திலும் ரெடிமேடை நெருங்குவது கடினம். தொழிற்சாலையில் அச்சிட்ட அந்தச் சின்னச் சின்ன எடைக் குறிப்புகள் கூட லென்ஸ் வைத்துப் படிக்கும்படி இருக்கும். கிட்டில் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலம்) ஒட்ட வேண்டும். அதற்கு முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டெக்கால், பலகை இடுக்குக்குள் இறங்குவதற்கு டெக்காலை இளக்கும் திரவம், எல்லாம் காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷ். பளபளப்பு அடிக்காமல் சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும், அப்புறம் எடுப்பது கஷ்டம்.

சரி, கிட் எதற்கு? ஒன்று, ரெடிமேட் செய்கிறவர் எந்த வேகன் விற்குமோ அதைத்தான் செய்வார். நேரோ கேஜ் ரயில்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த மரத்தில் வேகன் கட்டி, உடைந்ததை மாற்றி, கதவை இடம் மாற்றி ஓட்டியவை. ஒரே அச்சில் வார்த்த எட்டு வேகன்களை வரிசையாகப் பார்த்தால் அந்தக் குணம் போய்விடுகிறது. இரண்டாவது, மெல்லிய பாகங்கள். பணியாள் பிடித்து ஏறும் கைப்பிடிக் கம்பி நிஜத்தில் முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 1:87-இல் 0.22 மி.மீ.தான். அவ்வளவு மெல்லிதாகப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் தொட்டதும் ஒடியும் என்பதால் ரெடிமேடில் தடிமனாக வைக்கிறார்கள். கிட்டில் 80-ஆம் நம்பர் பிட்டால், அதாவது 0.34 மி.மீ., துளை போட்டு மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகலாம். மர வேகன்களின் அடியில் நீளவாக்கில் ஓடும் இழுவைக் கம்பிகளுக்குத் தூண்டில் நரம்பே போதும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அந்த நான்கு கம்பியும் நிழலாகத் தெரிவதைப் பார்த்த பிறகு ரெடிமேடின் தடித்த வார்ப்புக் கம்பிகளைப் பார்க்கப் பிடிக்காது.

கிட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று ஜாதி இருக்கிறது. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) கிட் சுலபம், திரவப் பசை ஒரு சொட்டு விட்டால் இரண்டு பாகமும் உருகிப் பிடித்துக்கொள்ளும், எனக்கு ஒரு வேகனுக்கு இரண்டு மாலை ஆகும், பெயின்ட் தனி. அச்சில் ஊற்றி வார்த்த ரெசினுக்கு அந்தப் பசை வேலை செய்யாது, சூப்பர் க்ளூதான். ஒட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு பெயின்டைப் பிடிக்க விடாது. மரக் கிட்தான் என் மனதுக்கு நெருக்கம். நிஜ வேகனும் மரம், மாடலும் மரம். இந்தியன் இங்க்கை ஆல்கஹாலில் கலந்து தடவினால் வெயிலில் சாம்பல் பூத்த பலகையின் நிறம் அப்படியே வந்துவிடும். ஆனால் பொறுமை வேண்டும், ஒரு வேகனுக்கு எனக்குப் பதினைந்து இருபது மணி நேரம் போகிறது. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு உள்பக்கத்தை அப்படியே விட்ட ஒரு கூரை, மழைக்காலம் வந்ததும் ஈரம் இழுத்து வில்லாக வளைந்தது. ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் சீலர் பூசிவிடுங்கள்.

செலவில் கிட்தான் மிச்சம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், அட்டைப் பெட்டியில் போட்ட விலையை மட்டும் பார்த்து. நேரோ கேஜ் கிட்கள் பலவற்றில் போகியும் கப்ளிங்கும் (வேகன்களை இணைக்கும் கொக்கி) வராது, அவற்றைத் தனியாக வாங்கி, டெக்கால், பெயின்ட், எடை எல்லாம் சேர்த்தால் ரெடிமேட் விலையைத் தொட்டுவிடும். பெட்டியைத் திறக்கும் முன் அதில் என்ன இல்லை என்று படியுங்கள். அதற்காக ரெடிமேடைக் கண்ணை மூடிக்கொண்டும் நம்ப வேண்டாம். நான் வாங்கிய ஒன்றில் சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தது, இடைவெளியை அளக்கும் கேஜ் தகடு வைத்துப் பார்த்து அச்சிலேயே மெல்லத் திருகி இழுத்துச் சரிசெய்தேன்.

எந்த வகை வேகனை எப்படி வாங்குவது என்று கேட்டால்: மூடிய வேகனும் கால்நடை வேகனும் கிட். கால்நடை வேகனின் பலகைச் சந்துகளில் மரக் கிட் அளவுக்கு வேறெதுவும் அழகாக வராது, எடையைத் தரையோடு ஒட்டித் தட்டையாக வைத்தால் சந்தில் தெரியாது. டேங்கர் ரெடிமேட், உருளையின் ஒட்டுத் தழும்பை உப்புத்தாள் போட்டு மறைப்பதற்குள் பக்கத்து ஆணித்தலைகளெல்லாம் அழிந்துவிடும். தட்டை வேகனில் நான் இரண்டையும் கலக்கிறேன், ரெடிமேட் உலோக அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் தளத்தின் மேல் மெல்லிய நிஜப் பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, ஒன்றிரண்டை உடைந்த மாதிரி விட்டுவிடுகிறேன்.

இரண்டையும் ஒரே ரயிலில் சேர்க்கும்போது தகராறு வருவது கப்ளிங் உயரத்தில். கிட் வேகன் அரை மி.மீ. தாழ்ந்திருந்தாலும் மேடு ஏறும்போது பிடி விட்டுவிடும், போகிக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று போட்டால் சரியாகிவிடும். இதையெல்லாம் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. புதிதாகக் கட்டிய கிட்டை இரண்டு ரெடிமேட் வேகன்களுக்கு நடுவில் மாட்டி, லேஅவுட்டில் இருப்பதிலேயே கூர்மையான வளைவிலும் பாயின்டிலும் இன்ஜினை வைத்துப் பின்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள், பத்து முறை. இழுக்கும்போது தெரியாத கோளாறு தள்ளும்போது வெளியே வந்துவிடும். அந்தப் பத்து முறையும் தாண்டாத எந்த வேகனுக்கும் நான் பிரைமர் அடிப்பதில்லை.