சீல் உடைக்காத கிட்டாருக்கு 9,289 ரூபாய் கொடுத்தேன், நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்

இன்று மதியம் அந்தக் கடையிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தேன். வெறுங்கையோடு என்று சொல்ல முடியாது, தோளில் அந்தக் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். கோபத்தில் எழுதுவதால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 9,289 ரூபாய். கிட்டார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக ஒரு பட்டியல் தருகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. என் கொழுந்தனார் வக்கீல், "பேர் மட்டும் போடாதீங்க அண்ணி, புகார் கொடுத்திருக்கும்போது வேண்டாம்" என்கிறார். சென்னையில் ஒரு மாலுக்குள் இருக்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், லேப்டாப் எல்லாம் தாண்டி, ஹெட்போன் வரிசை முடிகிற இடத்தில் சுவரில் ஏழெட்டுக் கிட்டார்கள் மாட்டியிருக்கும்.

என் மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இரண்டு வருஷமாகக் கிட்டார், கிட்டார் என்று ஒரே பல்லவி. இந்த லீவில் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் முதலில் போனது இசைக்கருவிக் கடைக்குத்தான், அதை மறைக்க மாட்டேன். குறுகலான கடை. மிருதங்கமும் கீபோர்டு ஸ்டாண்டும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. கடைக்காரர் யாரோ ஒரு கீபோர்டு வாசிப்பவரோடு பேச்சில் இருந்தார். அஞ்சு நிமிஷம் நின்ற பிறகு, "பிகினரா? அந்த மூணாவது" என்று விரலை நீட்டியதோடு சரி. விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "இது காய்கறிக் கடை இல்லம்மா" என்றார். மகள் என் கையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்துவிட்டாள். அந்த மனுஷர் அன்றைக்குக் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் எனக்கு 9,289 ரூபாய் மிச்சம்.

மாலில் அப்படியா? உள்ளே நுழைந்ததும் ஏசி, "வாங்க மேடம்", மகளுக்கு உட்கார ஸ்டூல். விற்பனைப் பையனுக்கு இருபத்துமூன்று இருபத்துநான்கு வயசு இருக்கும். "முதல்ல என்ன பாட்டு கத்துக்கப் போறீங்க?" என்று அவளிடம் கேட்டான். அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். சுவரிலிருந்து ஒரு கிட்டாரை எடுத்து எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு தடவு தடவினான். கணீரென்று இருந்தது. இடது கை கழுத்தைச் சும்மா பிடித்திருந்ததே தவிர, ஒரு கம்பியைக்கூட அவன் அழுத்தவில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"என் தம்பிக்கும் இதேதான் மேடம் வாங்கிக் குடுத்தேன்."

அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. "டிஸ்ப்ளே பீஸ் வேண்டாம் மேடம், பத்துப் பேர் கை பட்டிருக்கும். பாப்பாவுக்கு சீல் உடைக்காத ஃப்ரெஷ் பீஸ் எடுத்துத் தரேன்." எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். கோடவுனிலிருந்து அட்டைப்பெட்டி வந்தது, டேப் பிரிக்காமல் அப்படியே. 14,999 என்று ஸ்டிக்கர், அதன்மேல் 43 சதவீதம் தள்ளுபடி என்று இன்னொரு ஸ்டிக்கர். 8,490 ரூபாய். பில் கவுண்டரில் இருந்த பெண் மூன்று வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி வெறும் 799தான் மேடம் என்றாள். அதற்கும் தலையாட்டினேன். ஆகமொத்தம் 9,289.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் வாசனையே தனி, புதுப் பெயிண்ட் வாசனை. மகள் போனில் சுருதி காட்டுகிற ட்யூனர் ஆப் போட்டு ஆறு கம்பியையும் சுருதி சேர்த்தாள். வீடியோ பார்த்துப் பழக ஆரம்பித்தாள். நாலாம் நாள் விரல் நுனியெல்லாம் சிவந்து கோடு கோடாக இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகக் காய்த்துவிடும் என்று நெட்டில் போட்டிருந்தது, நானும் அதையே சொன்னேன். பத்தாம் நாள் விரலில் ரத்தம் கட்டியது. "அம்மா, என்னால அழுத்த முடியல" என்று அழுதாள். இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டு இப்போது சாக்கா என்று நான் திட்டினேன். பணம்கூடப் போகட்டும், அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கிட்டார் சார் வகுப்பைத் தொடங்கியது இருபத்துமூன்றாம் நாள். கிட்டாரைக் கையில் வாங்கினார், சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்தார், முகத்தைச் சுளித்தார். அப்புறம் தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நெடுக்கே பார்த்தார். "ஒரு ரூபாய்க் காசு இருக்காம்மா?" என்றார். கொடுத்தேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். காசைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் வைத்து, கம்பிக்கு அடியில் தள்ளினார். போனது. இன்னொன்று கேட்டார். அதையும் அடுக்கித் தள்ளினார், போனது. மூன்றாவதையும் அடுக்கினார். மூன்று காசும் தடித்த கம்பிக்கு அடியில் உரசாமல் உள்ளே போய் நின்றன. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். அந்த இடத்தில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால்தான் கற்றுக்கொள்கிற பிள்ளையால் அழுத்த முடியுமாம். இந்த இடைவெளிக்கு ஆக்‌ஷன் என்று பெயர். இருபத்துமூன்று நாளாக என் மகள் இதோடுதான் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

அதோடு முடியவில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகக் கம்பியின் பாதி நீளத்தில் இருக்கிறது, அங்கே அழுத்தினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். ட்யூனரைப் பார்த்தோம், முள் வலது பக்கம் ஓடிவிட்டது. கம்பி அவ்வளவு உயரத்தில் இருந்தால் அழுத்தும்போது கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும் என்றார். அதாவது, அவள் சரியாக வாசித்தாலும் அபஸ்வரம்தான் வரும். கழுத்து வளைவைச் சரிசெய்ய உள்ளே ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி உண்டு, ஆலன் கீ போட்டுத் திருகலாம். திருகினார். எந்தப் பிடிமானமும் இல்லாமல் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியாக, "பில் இருக்கா?" என்றார். விலையைப் பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். மடிக்காமல் அதன் ஓரத்தை எடுத்து, கம்பிகள் மாட்டியிருக்கிற பிரிட்ஜின் பின்பக்கம் மெதுவாகத் தள்ளினார். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவில் பில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடையின் முத்திரை இருந்த பகுதி முழுக்க மறைந்துவிட்டது. பசை விட்டிருக்கிறது. ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவை, ஓர் ஆள் அதில் தொங்குகிற கணக்கு. முறுக்கேற்றிய கம்பியோடு கோடவுன் புழுக்கத்தில் அந்தப் பெட்டி எத்தனை மாதம் கிடந்ததோ. "சீல் உடைக்காத பீஸ்னு சொல்லித்தானேம்மா குடுத்தாங்க? அதுதான் பிரச்சினையே. ஃப்ரிட்ஜ்னா சீலோட வாங்கலாம். கிட்டாரைப் பிரிச்சு ஒருத்தர் வாசிச்சுப் பார்த்துத்தான் குடுக்கணும்" என்றார். வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "ஏழு நாள் ரீப்ளேஸ்மெண்ட் முடிஞ்சிடுச்சு மேடம்" என்றாள். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் சுவரில், ஒரு காலண்டர் பாதி மறைத்திருந்த பலகையைக் காட்டினாள். என் பில்லில் ஏழு நாள் என்று எங்கேயும் இல்லை. "விற்ற பொருள் மாற்றித் தரவோ திரும்பப் பெறவோ இயலாது" என்று மட்டும் இருக்கிறது.

ஃப்ளோர் மேனேஜர் வந்தார். கிட்டாரைக் கையில்கூட வாங்கவில்லை. "கஸ்டமர் ஹேண்ட்லிங்கா இருக்கலாம் மேடம், பாப்பா ரொம்ப டைட் பண்ணியிருப்பாங்க" என்றார். டைட் பண்ணினால் கம்பி அறும் ஐயா, ட்ரஸ் ராட் எப்படிச் சுற்றும்? மூன்று காசையும் எடுத்துப் போயிருந்தேன், அவர் முன்னாலேயே அடுக்கிக் காட்டினேன். அதைப் பார்த்து, "எங்களுக்கு இதுல டெக்னிக்கல் தெரியாது மேடம்" என்றார். தெரியாத பொருளை எதற்கு ஐயா விற்கிறீர்கள்?

டோல் ஃப்ரீ நம்பருக்கு அடித்தேன். டிவிக்கு ஒன்று, ஏசிக்கு இரண்டு, வாஷிங் மெஷினுக்கு மூன்று. கிட்டாருக்கு எந்த எண்ணும் இல்லை. இதர பொருட்கள் என்று ஒன்பதை அழுத்தி, இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், பவர் ஆன் ஆகுதா?" என்றார். மரத்தில் செய்த கிட்டார், பிளக்கே கிடையாது என்றேன். அப்படியானால் எக்ஸ்டெண்டட் வாரண்டியில் வராதாம், அதில் மின் கோளாறும் இயந்திரக் கோளாறும்தான் வருமாம். மின்சாரமே ஓடாத பொருளுக்கு 799 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில் போட்ட பெண்ணுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

இரண்டாம் முறை போனபோது மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். ஒன்றேகால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன், மீட்டிங் முடியவில்லை. இன்று மூன்றாம் முறை. "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்" என்ற பதில்தான். எந்த கம்பெனி, எந்த மெயில், காட்டுங்கள் என்றால் காட்ட மாட்டார்கள். வெளியே வரும்போது அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது மைக்ரோவேவ் பக்கம் நிற்கிறான். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தான், அதே சிரிப்பு. 

"உன் தம்பி எப்படிப்பா வாசிக்கிறான்?" என்றேன்.

"எந்தத் தம்பி மேடம்?"

பொய் சொன்னோம் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை தம்பியைச் சொன்னானோ. அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நேற்று ஹெட்போன், இன்று மைக்ரோவேவ், நாளைக்கு ஏசி. கிட்டாரைப் பற்றி அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இதற்கு நடுவில் சார் சொன்னதால் மவுண்ட் ரோடு பக்கம் வேறொரு இசைக்கருவிக் கடைக்கும் போய் வந்தேன். ரிப்பேர் பார்க்கிற பெரியவர் கிட்டாரைப் பார்த்துவிட்டு, பிரிட்ஜைக் கழற்றி ஒட்டலாம், ஆனால் கழுத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, கூலி வீண் என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் யாரோ ஒரு காலேஜ் பையனுக்குப் புதுக் கிட்டார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விலை என்னுடையதைவிடச் சில நூறுகள்தான் கூடுதல். பெட்டியைப் பிரித்து, சுருதி சேர்த்து, ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்துப் பார்த்தார் பெரியவர். பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காருகிற வெள்ளைத் துண்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தார். அதற்குப் பெயர் சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்றால் இங்கே இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டுமாம். மாட்டினார், பார்த்தார், மறுபடி கழற்றித் தேய்த்தார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. முகத்தில் சிரிப்பு என்று பார்த்தால் இவரிடமும் ஒன்றும் இல்லை. நான் அடுத்த முறை சிரிப்பைப் பார்க்கப் போவதில்லை.

சரி, பட்டியல் தருகிறேன் என்றேன். விவரமாக எழுதப் பொறுமை இல்லை, மணி பதினொன்றாகிறது. எந்தக் கடையாக இருந்தாலும் நீங்கள் வாசித்துப் பார்த்த அதே கிட்டாரைக் கேட்டு வாங்குங்கள், அட்டைப்பெட்டியை வாங்காதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் அந்த மூன்று ஒரு ரூபாய்க் காசையாவது எடுத்துப் போங்கள். சும்மா தடவிக் காட்டினால் நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். வாரண்டி விற்க வந்தால் ஓடிவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், வெயிலில் வைத்தால் எழுத்து மங்கிவிடும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"நோ எக்ஸ்சேஞ்ச் நோ ரிட்டர்ன்" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, மறுத்தால் அது முறையற்ற வணிகம் என்கிறார் கொழுந்தனார். இன்று எனக்கு 27ஆம் நாள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். நாளைக்கு எழுத்தில் ஒன்று கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணம் கிடையாதாம். 9,289 ரூபாய்க்கு அவ்வளவு தூரமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ஆமாம், அவ்வளவு தூரம்தான்.

வீட்டில் புதிதாக வாங்கிய கிட்டார் இருந்தால் இப்போதே எடுத்து பிரிட்ஜுக்குப் பின்னால் பில்லைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் ஏழாம் நாளுக்குள் கடைக்கு ஓடுங்கள்.