வெள்ளைச் சட்டையா, ஸ்கிரப்ஸா, தைத்த டொப்பும் லோங்ஸுமா?

தாதியருக்குப் புதுச் சீருடை வேண்டுமென்று யாழ்ப்பாணத்துத் தனியார் கிளினிக் ஒன்றிலிருந்து என் தையல் கடைக்கு வந்தார்கள். எது வடிவு என்று அவர்கள் கேட்டார்கள். எந்தத் தண்ணியில் தோய்ப்பீர்கள் என்று நான் கேட்டேன்.

காரணம் இருக்கிறது. நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது, அதன் கசடு நூலிலேயே தங்கிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கண் பழகிய வெள்ளைச் சட்டைக்கு, அதாவது வெள்ளைக் கவுனுக்கு, முதல் எதிரி இதுதான். எவ்வளவு நீலம் போட்டாலும் நாளடைவில் மங்கல் வெள்ளைதான். ஆனாலும் வெள்ளையின் நியாயம் பெரியது: அழுக்கு உடனே தெரியும், கொட்டன் என்றால் குளோரினையும் தாங்கும், நோயாளிக்குத் தூரத்திலேயே ஆள் விளங்கும். எனக்குப் பிடிக்காதது நிறமல்ல, வெட்டு. "ஆளைத் தூக்கக் குனிஞ்சா ஒரு கை சட்டையை இழுக்கத்தான் போகுது அக்கா" என்றாள் ஒரு தாதிப் பிள்ளை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இளம் பிள்ளைகள் கேட்டது ஸ்கிரப்ஸ். சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வந்த, மேற்சட்டையும் காற்சட்டையும் சேர்ந்த உடுப்பு அது. சிவப்பு இரத்தத்தையே பார்த்திருந்த கண்ணுக்கு வெள்ளைத் துணியில் பச்சை நிழல் ஆடும், அதனால்தான் அங்கே பச்சையும் நீலமும். ரெடிமேட்டாக வரும் இழுபடும் துணி போட்ட அன்று அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிலுள்ள ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூலுக்குக் குளோரினும் கடும் சூடும் ஆகாது. பிரிட்டிஷ் சுகாதார சேவையோ சீருடையை 60 பாகையில் 10 நிமிடம் தோய்க்கச் சொல்கிறது. அப்படித் தோய்த்தால் இழுவை சீக்கிரம் போய், முழங்காலில் பை விழும். அளவும் சிக்கல்: தோள் சரியென்றால் இடுப்பு இறுகும்.

நான் சொன்னது மூன்றாவது: அளவெடுத்துத் தைத்த டொப்பும் லோங்ஸும். துணி, 65 பங்கு பொலியெஸ்ரர், 35 பங்கு கொட்டன். தனிக் கொட்டன் நம் சித்திரை வெக்கைக்குச் சுகம்தான். ஆனால் சுருங்கும், மாரியில் காயாது, இரவு டியூட்டி முடிந்து வந்தவளை ஸ்திரிக்கைப் பெட்டி முன் நிறுத்தும். கலப்புத் துணி கொஞ்சம் வியர்க்க வைக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்தால் கை தூக்கும்போது டொப் மேலே ஏறாது. நெஞ்சுப் பொக்கெற் வேண்டாம், குனிந்தால் பேனா நோயாளி மேல் விழும். இடுப்புக்குக் கீழே இரண்டு, அதிலொன்றுக்குள் கத்தரிக்கோலுக்குத் தனித் தடுப்பு. கை முழங்கைக்கு மேலேயே முடிய வேண்டும், கை கழுவ அதுதான் வசதி. கழுத்தை நான் வழமையைவிட ஒரு விரல் மேலே வெட்டுவேன்.

நிறத்தில்தான் இழுபறி. நிர்வாகத்துக்கு மெரூன் பிடித்தது. இரத்தம் தெரியாதாம்! தெரியாவிட்டால் தாதி எப்படி உடுப்பை மாற்றுவாள்? கருநீலத்திலும் நம் தண்ணி வெள்ளைப் படிவை விட்டுப் போகும். கடைசியில் நடுத்தர நீலம்.

ஒரு மாதிரி தைத்து, கிளினிக்கில் மூத்தவரைப் போடச் சொன்னேன். கையை உயர்த்தினார், குனிந்து கட்டில் விரிப்பைச் செருகினார், பொக்கெற்றில் போனைப் போட்டு இரண்டு படி ஓடினார். "இடப்பக்கப் பொக்கெற்றை இன்னும் ஆழமாக்குங்கோ" என்றார். ஆழமாக்கினேன்.